பிள்ளையின் முழங்கை எப்போது மடங்கும்?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். வயது 29. முதல் பிள்ளை, பெண். கடிதம் எழுதிய அன்று பிள்ளைக்கு 7 கிழமை. பெயரையும், பிள்ளை பிறந்த வைத்தியசாலையையும் விட்டுவிட்டுக் கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

கர்ப்ப காலத்தில் இவருக்குச் சீனி வருத்தம் இருந்திருக்கிறது. பிள்ளை 4.1 கிலோ. தலை வெளியே வந்த பிறகு தோள் சிக்கிக்கொண்டது. அறைக்குள் ஆட்கள் ஓடி வந்ததும், யாரோ அடிவயிற்றை அழுத்தியதும் நினைவிருக்கிறதாம். பிள்ளையைக் கையில் கொடுத்தபோதே இடது கை துவண்டு கிடந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. "நரம்பு இழுபட்டிருக்கு, தானாகச் சரிவரும்" என்று வைத்தியர் சொன்னார். மூன்றாம் நாள் ஓர் இயன்மருத்துவர் கட்டிலடிக்கு வந்து பயிற்சிகளைக் காட்டினார். அவர் சிங்களத்தில் விளக்கியதால் பாதிதான் விளங்கியது. ஒரு மாதம் கழித்து வரச் சொன்ன கிளினிக் திகதி, 31ஆம் நாள் துடக்குக் கழிவன்று வந்துவிட்டதால் போகவில்லை. பயிற்சி செய்தால் பிள்ளை வீரிட்டு அழுகிறாள், கை உடைந்துவிடுமோ என்று பத்து நாளாக அதையும் நிறுத்திவிட்டார்.

இப்போது விரல்கள் அசைகின்றன, அம்மாவின் விரலைப் பிடிக்கிறாள். மணிக்கட்டு உள்பக்கம் மடிந்தபடி இருக்கிறது. முழங்கை மடங்கவே இல்லை. இடது கையில் போட்ட பி.சி.ஜி. ஊசிதான் காரணம் என்கிறார் மாமி. பக்கத்து வீட்டார் ஒரு முறிவு நெரிவு வைத்தியரிடம் கொண்டுபோகச் சொல்கிறார்கள். ஒரு தனியார் நிலையத்தில் 20 தடவை கரண்ட் பிடித்தால் சரிவரும் என்று சொன்னார்களாம். அதற்குக் காப்பை அடகு வைக்கலாமா என்று கேட்கிறார். அட்டையில் 'பால்சி' என்று எழுதியிருப்பதால் மூளையும் பாதிக்கப்பட்டிருக்குமோ என்ற பயம். வைத்தியசாலை மீது வழக்குப் போடலாமா என்ற கேள்வி. 84 நாள் பிரசவ லீவு முடிந்து வேலைக்குப் போனால் பயிற்சியை யார் செய்வது என்ற யோசனை. கடைசியாக ஒரு வரி: "நான் சரியாக முக்கவில்லை என்று அன்றைக்கு ஏசினார்கள். என்னால்தானா இது நடந்தது?"

தங்கச்சி, அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். இல்லை. உங்களால் நடக்கவில்லை. தலை வந்த பிறகு முன்தோள் உங்கள் இடுப்பெலும்பின் பின்னால் சிக்கிக்கொண்டது. அந்த நேரத்தில் நீங்கள் முக்கினாலும் முக்காவிட்டாலும் தோள் அங்கேதான் நின்றிருக்கும். பிள்ளைக்கு மூச்சு முட்டாமல் சில நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தாக வேண்டும். அடிவயிற்றை அழுத்தியதும் அந்தத் தோளை விடுவிக்கத்தான். கர்ப்பகாலச் சீனியும் பிள்ளையின் எடையும் இந்த ஆபத்தைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் சீனி இல்லாத, மூன்று கிலோப் பிள்ளை பெற்ற தாய்மாரும் இதே கையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறார்கள். அரிதாக, சிசேரியனில் பிறந்த பிள்ளைக்கும் வருவதுண்டு. உலகம் முழுவதும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்று, இரண்டு என்ற அளவில் நடக்கிற காயம் இது. பிரசவ வலியில் இருந்த உங்களை ஏசியது தவறு. அந்தச் சொல்லை இவ்வளவு நாள் மனதில் சுமந்தது போதும்.

கழுத்தில் என்ன நடந்திருக்கிறது

கைக்குப் போகும் நரம்புகள் கழுத்தின் பக்கவாட்டில் ஐந்து வேர்களாக முள்ளந்தண்டிலிருந்து புறப்படுகின்றன. பிறகு ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து, காறை எலும்புக்குக் கீழால் கைக்குள் இறங்குகின்றன. தலை ஒரு பக்கமும் சிக்கிய தோள் மறுபக்கமும் இழுபடும்போது இந்தப் பின்னல் இழுபடுகிறது. மேலே இருக்கிற இரண்டு, மூன்று வேர்களுக்குத்தான் பெரும்பாலும் அடி விழும். தோளைத் தூக்குவது, வெளிப்பக்கம் திருப்புவது, முழங்கையை மடக்குவது, உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்புவது எல்லாம் அந்த வேர்களின் வேலை. அதனால்தான் உங்கள் மகளின் கை உடம்போடு ஒட்டி, உள்ளே திரும்பி, மணிக்கட்டு மடிந்து கிடக்கிறது. இதை 1874இல் விவரித்து எழுதிய ஜெர்மனிய வைத்தியர் எர்ப். அவர் பெயரால்தான் அட்டையில் 'எர்ப்ஸ் பால்சி' என்று எழுதியிருப்பார்கள்.

பால்சி என்றால் தசை செயலிழப்பு, அவ்வளவுதான். செரிபிரல் பால்சி என்பது மூளையில் ஏற்படுவது. இது கழுத்தில் ஏற்பட்டது. இரண்டும் வேறு. உங்கள் மகளின் புத்திக்கோ பேச்சுக்கோ கால்களுக்கோ இந்தக் காயத்தால் ஒன்றும் ஆகாது.

ஊசி விஷயத்தில் மாமிக்கு நீங்கள் எழுதியதையே திருப்பிச் சொல்லலாம். பிள்ளையைக் கையில் தந்தபோதே இடது கை துவண்டிருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பி.சி.ஜி. போட்டது அதற்குப் பிறகு. நம் நாட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இடது கையில்தான் அதைப் போடுகிறார்கள். சில கிழமைகளில் அந்த இடம் சின்னதாக வீங்கிக் கொப்புளம் போல வந்து தழும்பாகும். இதே நாட்களில் கையும் அசையாமல் இருந்தால் வீட்டில் இரண்டையும் சேர்த்து நினைப்பது இயல்புதான். இரண்டு மாத ஊசியை மட்டும் இந்தப் பயத்தில் தள்ளிப் போட்டுவிடாதீர்கள்.

விரல்கள் அசைவதும், பிடிப்பதும் நல்ல செய்தி. கீழ் வேர்கள் வேலை செய்கின்றன என்று அர்த்தம். ஒன்று மட்டும் இன்றைக்கே பாருங்கள்: பிள்ளை வெளிச்சத்தில் விழித்திருக்கும்போது இடது கண்ணின் மேலிமை வலதை விடக் கீழே இறங்கி இருக்கிறதா? இடது கண்மணி சின்னதாக இருக்கிறதா? அப்படியிருந்தால் வேர் முள்ளந்தண்டோடு ஒட்டிய இடத்திலேயே பிடுங்கப்பட்டிருக்கலாம். கிளினிக்கில் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்கையில் அடிக்கடி களைத்து விட்டாலோ கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே கொண்டுபோய்க் காட்டுங்கள். மூச்சுக்கான தசையை இயக்கும் நரம்பும் அதே கழுத்துப் பகுதியிலிருந்துதான் வருகிறது.

பயிற்சி எதற்காக

பயிற்சி நரம்பைக் குணமாக்காது. நீங்கள் நாளைக்கு நூறு தடவை செய்தாலும் நரம்பு தன் வேகத்தில்தான் வளரும். அறுந்து மீண்டும் வளருகிற நரம்பின் வேகம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். 10 சென்டிமீட்டர் போக வேண்டுமென்றால் 100 நாள். வெறுமனே இழுபட்டு அதிர்ந்துபோன நரம்பு இதைவிட விரைவாக, சில கிழமைகளிலேயே திரும்பிவிடும்.

அப்படியானால் எதற்குச் செய்ய வேண்டும்? உள்ளே திருப்புகிற தசைகளுக்கு நரம்பு இருக்கிறது, வெளியே திருப்புகிறவற்றுக்கு இல்லை. ஒரு பக்கம் மட்டும் இழுக்க, தோள் மூட்டு நாளடைவில் உள்நோக்கியே இறுகிப் போகும். இந்த வயதில் பிள்ளையின் தோள் மூட்டு இன்னும் பெரும்பாலும் குருத்தெலும்புதான். இறுகிய மூட்டு கோணலாகவே வளரத் தொடங்கும், முதல் வருடத்துக்குள்ளேயே மேற்கை எலும்பின் பந்து போன்ற தலை தோளின் கிண்ணத்தை விட்டு விலகுவதும் உண்டு. நரம்பு மெல்ல மெல்ல வந்து சேரும் நாளில் மூட்டு அசைகிற நிலையில் இருக்க வேண்டும். பயிற்சியின் வேலை அதுதான். நரம்பு முழுதாகத் திரும்பியும், மூட்டு இறுகிவிட்டதால் தலை சீவக் கையைத் தூக்க முடியாத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அது எனக்கு இன்றைக்கும் ஆறாத கவலை. அதனால்தான் நீங்கள் பத்து நாள் நிறுத்தியதைப் படித்தவுடன் பதில் எழுத உட்கார்ந்தேன். பத்து நாளில் கை கெட்டுவிடாது, பயப்படாதீர்கள். இன்றைக்கே திரும்பத் தொடங்குங்கள்.

அழுகையைப் பற்றி: கை உடைந்துவிடுமோ என்று எழுதியிருக்கிறீர்கள். எக்ஸ்ரேயில் முறிவில்லை. முறிவு இருந்திருந்தாலும் பச்சைப் பிள்ளையின் காறை எலும்பு இரண்டு, மூன்று கிழமையில் பொருந்திவிடும். உங்கள் மகள் அதையும் தாண்டிவிட்டாள். பிடித்து வைக்கிறோம் என்பதாலும், இறுகிய இடம் இழுபடுவதாலும்தான் பெரும்பாலும் அழுவாள். பசியோடும் செய்ய வேண்டாம், வயிறு முட்டக் குடித்தவுடனும் வேண்டாம். குளிப்பாட்டிய பிறகு உடம்பு தளர்ந்திருக்கும் நேரம் நல்லது. முகத்துக்கு நேரே குனிந்து, கதைத்துக்கொண்டோ பாடிக்கொண்டோ செய்யுங்கள். அழுதால் கையை விடாமல், அசைக்காமல், அப்படியே ஒரு கணம் வைத்திருங்கள். அடங்கினால் தொடருங்கள். ஒரே இடத்தைத் தொடும்போதெல்லாம் அலறினாலோ, அங்கே வீக்கமோ சூடோ இருந்தாலோ நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள்.

வீட்டில் செய்வது

கீழே எழுதுவது நினைவூட்டல் மட்டும். ஒரு தடவையாவது இயன்மருத்துவர் ஒருவரின் கண்முன்னே நீங்கள் செய்து சரி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறை நப்கின் மாற்றும்போதும் செய்தால் தனியாக நேரம் தேட வேண்டியதில்லை. ஒவ்வோர் அசைவையும் ஐந்து முறை, முடிவில் மெதுவாகப் பத்து எண்ணும் வரை பிடித்து வைத்துச் செய்யலாம்.

முதலாவதும் முக்கியமானதும் தோளை வெளிப்பக்கம் திருப்புவது. பிள்ளையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். மேற்கை விலாவோடு ஒட்டியிருக்கட்டும். முழங்கையை மடக்கினால் முன்கை கூரையைப் பார்த்து நிற்கும். உங்கள் ஒரு கை தோளை மேலிருந்து மெதுவாக அமர்த்திப் பிடிக்க, மற்றக் கையால் முன்கையைக் கதவு திறப்பதுபோல் வெளிப்பக்கம் சாய்த்துப் படுக்கையை நோக்கிக் கொண்டுபோங்கள். எங்கே இறுக்கம் தட்டுகிறதோ அங்கே நின்றுவிட வேண்டும், தள்ளக் கூடாது. வலது கையையும் அதேபோல் செய்து பாருங்கள். எவ்வளவு போக வேண்டும் என்று அந்தக் கை உங்களுக்குச் சொல்லும். இரண்டு கைகளையும் ஒன்றாகச் செய்தால் பிள்ளையும் விளையாட்டென்று நினைப்பாள். மற்ற எல்லாவற்றையும் ஒரு நாள் தவற விட்டாலும் இதை விடாதீர்கள்.

பிறகு, தோள்பட்டை எலும்பு கூடவே எழும்பாமல் பிடித்துக்கொண்டு கையைக் காதோரம் வரை மெல்ல உயர்த்துவது. முழங்கையை மடக்கி நீட்டுவது. முழங்கை மடிந்திருக்கையில் உள்ளங்கை முகத்தைப் பார்க்கும்படி திருப்புவது. மணிக்கட்டை மேல்நோக்கி எடுப்பது, விரல்களையும் கட்டை விரலையும் விரித்து விடுவது. இவற்றுக்கெல்லாம் ஐந்து நிமிடம் கூட ஆகாது.

பயிற்சி நேரத்துக்கு வெளியே நடப்பதும் அதே அளவு முக்கியம். கையைப் பிடித்தோ, கமக்கட்டில் கைகொடுத்தோ பிள்ளையைத் தூக்கக் கூடாது. ஒரு கை தலைக்கும் கழுத்துக்கும் கீழே, மறு கை குண்டிக்குக் கீழே. பால் கொடுக்கும்போது இடது கை உங்கள் முதுகுப் பக்கம் போய் நசியாமல், நெஞ்சின் முன்னால் இருக்க வேண்டும். ஏணையில் நெடுநேரம் போடுவதைக் குறையுங்கள். துணி இரண்டு பக்கமும் அணைக்கும்போது கை இன்னும் உள்ளே திரும்பி மடிகிறது. விழித்திருக்கும்போது உங்கள் நெஞ்சில் குப்புறப் படுக்க வைத்து, இடது முழங்கையைத் தோளுக்கு நேர் கீழே எடுத்து வையுங்கள். ஆரம்பத்தில் ஒரு நிமிடம் போதும். தூங்கும்போது மல்லாக்கத்தான்.

அந்தக் கை தனக்கு இருப்பதே பிள்ளைக்குத் தெரியாமல் போகலாம். பஞ்சுத் துணி, பட்டு, துவாய் என்று வேறு வேறு துணிகளால் இடது கையை வருடுங்கள். இடது கையை எடுத்து அவள் வாயில் வையுங்கள், வலது கையால் அதைத் தொட வையுங்கள். இன்னொன்று, அந்தக் கையில் உணர்ச்சி குறைவாக இருக்கலாம். சூடு பட்டாலும் அழ மாட்டாள். குளிக்கும் தண்ணீரை உங்கள் முழங்கையால் பார்த்துவிட்டு இறக்குங்கள். உணர்ச்சி திரும்புகிற நாட்களில் சில பிள்ளைகள் அந்த விரல்களைக் கடிப்பார்கள், பல் முளைத்த பிறகு காயமே வந்துவிடும். அப்படி நடந்தால் ஏசாமல் மெல்லிய கையுறை போட்டுவிட்டு எங்களிடம் சொல்லுங்கள்.

மூன்று மாதம் ஏன் பெரிய கணக்கு

"தானாகச் சரிவரும்" என்று உங்களிடம் சொன்னது பொய்யில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சரிவருகிறது. ஆனால் பத்துப் பிள்ளைகளில் இரண்டு, மூன்று பேருக்காவது ஏதோவொரு குறை தங்கிவிடுகிறது. எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் போகும் என்பதை முழங்கைதான் நமக்கு முன்கூட்டியே காட்டும். முதல் இரண்டு மாதத்துக்குள் முழங்கை தன் பலத்தில் மடங்கத் தொடங்கினால் கை ஏறக்குறைய முழுதாகத் திரும்பும் என்று நம்பலாம். மூன்று மாதம் முடிந்தும் மடங்காவிட்டால் நரம்புச் சத்திரசிகிச்சை பற்றி அதைச் செய்கிற சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் பார்த்தாக வேண்டும். சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் பொதுவாக மூன்று மாதத்துக்கும் ஒன்பது மாதத்துக்கும் இடையில்தான் செய்வார்கள். காலில் இருந்து ஒரு நரம்புத் துண்டை எடுத்து ஒட்டுவார்கள், அல்லது பக்கத்தில் நன்றாக வேலை செய்யும் நரம்பின் ஒரு பகுதியை இங்கே இணைப்பார்கள். நரம்பில்லாமல் நெடுநாள் கிடக்கும் தசை மெலிந்து போய், பிறகு நரம்பு வந்தாலும் எழும்பாது. அதனால்தான் இந்த அவசரம். ஒரு வருடம் கழித்து "இன்னும் சரிவரவில்லை" என்று வருகிறவர்களிடம் இந்த வழியைச் சொல்ல முடியாமல் போகிறது. தசையை இடம் மாற்றுவது போன்ற வேறு வழிகள் பிற்காலத்திலும் இருக்கின்றன. ஆனால் முதல் வழி மூடிவிடும்.

உங்கள் மகளுக்கு ஏழு கிழமை. மூன்று மாதத்துக்கு இன்னும் ஐந்தாறு கிழமை இருக்கிறது. ஒரு மாதத்தில் முழுதாகத் திரும்பாத கையை நிபுணர் பார்ப்பது நல்லது என்பதால் இப்போதே சற்றுப் பிந்திவிட்டது. இந்தக் கிழமையே பிள்ளை பிறந்த வைத்தியசாலையின் கிளினிக்குக்குப் போங்கள். திகதி தவறியது பற்றிக் கூச்சப்பட வேண்டாம், துடக்கென்று அப்படியே சொல்லலாம். அங்கிருந்து பொரளையில் உள்ள சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு ஒரு கடிதம் தரச் சொல்லிக் கேளுங்கள். அரச வைத்தியசாலை, காசு கேட்க மாட்டார்கள். வீட்டுக்கு வரும் மருத்துவமாதுவிடமும் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் இதை எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

வீட்டிலும் நீங்கள் கவனிக்க வேண்டும். கிழமைக்கு ஒரு நாள், பிள்ளையை மடியில் நிமிர்த்தி அணைத்தபடி வைத்து, இடது கை என்ன செய்கிறது என்று இரண்டு நிமிடம் போனில் வீடியோ எடுங்கள். படுத்திருக்கும்போது கை பக்கவாட்டில் வழுக்கி நகர்வதையும், நிமிர்ந்திருக்கும்போது கை தன் எடையைத் தானே தூக்கி வாயை நோக்கிப் போவதையும் நாங்கள் வேறு வேறாகத்தான் கணக்கெடுப்போம். கிளினிக்கில் பிள்ளை தூங்கிவிட்டால் கூட அந்த வீடியோ பேசும்.

மொழி விஷயம் எனக்கும் மனதைத் தைத்தது. தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழிதான். "தமிழில் சொல்ல யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்பது உங்கள் உரிமை. கேளுங்கள். யாரும் இல்லையென்றால், சிங்களம் தெரிந்த ஒரு சொந்தக்காரரைக் கூட்டிப் போங்கள். அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. இயன்மருத்துவர் காட்டிய பிறகு "நான் செய்கிறேன், சரியா என்று பாருங்கள்" என்று பிள்ளையின் கையை நீங்களே எடுங்கள். உங்கள் கை பிழையாகப் போனால் அவர் பிடித்துத் திருத்துவார். அனுமதி கேட்டு அதையும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய், ஒத்தடம், கரண்ட்

முறிவு நெரிவு வைத்தியத்தை நான் இழிவாக நினைக்கவில்லை. சுளுக்குக்கும் முறிவுக்கும் தலைமுறை தலைமுறையாக நம் ஆட்கள் நம்பிப் போன இடம் அது. ஆனால் இங்கே எலும்பு முறியவும் இல்லை, மூட்டு விலகவும் இல்லை. கழுத்துக்குள் இழுபட்ட நரம்பை வெளியிலிருந்து பிடித்துச் சேர்க்க எந்தக் கையாலும் முடியாது. இழுத்து, நெட்டி முறித்து, பத்துப் போட்டுக் கட்டினால் இரண்டு கெடுதி. ஏற்கனவே நொந்த நரம்பு மீண்டும் இழுபடும். கட்டுக்குள் அசையாமல் கிடக்கிற மூட்டு இறுகும். அதனால் வேண்டாம். மாமி தேங்காய் எண்ணெய் பூசி மெதுவாக வருடுவதில் தவறே இல்லை, அது தொடுகை, பிள்ளைக்கு நல்லது. குளிப்பாட்டும்போது கையைக் காலைப் பிடித்து உதறுவதும், தலைகீழாகத் தூக்குவதும் மட்டும் கூடாது. சூட்டு ஒத்தடம் வேண்டவே வேண்டாம். உணர்ச்சியில்லாத கையில் ஒத்தடம் வைத்து, பிள்ளை அழாததால் சூடு போதவில்லை என்று நினைத்து மீண்டும் மீண்டும் வைத்து, தோல் கொப்பளித்துப் போன ஒரு கையை நான் பார்த்தேன். அந்த அம்மம்மா அழுத அழுகையை மறக்க முடியவில்லை.

கரண்ட் பிடிப்பதைப் பற்றி ஒரே பதில்: காப்பை அடகு வைக்காதீர்கள். மின்தூண்டலைச் சில இடங்களில் பயிற்சியோடு சேர்த்துச் செய்கிறார்கள். ஆனால் அது இந்தக் கையை நிச்சயம் திருப்பித் தரும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. "20 தடவையில் சரிவரும்" என்று எண்ணிக்கை சொல்லி வாக்குக் கொடுக்கிற யாரையும் நம்ப வேண்டாம். வைத்தியம் வேலை செய்ததா, நரம்பு தானாகத் திரும்பியதா என்று பிரித்தறியவே முடியாத வயதில் இருக்கிறாள் உங்கள் மகள். அந்தப் பணம் கிளினிக்குக்குப் போய்வரும் வாகனக் கூலிக்கு உதவட்டும்.

வழக்கு பற்றி

நான் சட்டத்தரணி இல்லை, அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். நரம்பு காயப்பட்டிருப்பது ஒன்றே யாரோ பிழை செய்ததற்கு ஆதாரமாகாது. சிக்கிய தோளை மிகச் சரியாக விடுவித்தாலும் இது நடக்கலாம். பிழை நடந்திருக்கவும் இடமுண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பிரசவக் குறிப்புகள் வேண்டும். டயக்னோசிஸ் கார்ட், எக்ஸ்ரே, கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் படம் பிடித்துப் பத்திரமாக வையுங்கள். அன்று நடந்ததை நினைவிருக்கும்போதே திகதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். வழக்குகளுக்குக் காலக்கெடு உண்டு, அதனால் எப்போதாவது பார்ப்போம் என்று விடாமல், புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவில் ஒரு நாள் ஆலோசனை கேளுங்கள். ஆனால் முதலில் கிளினிக். கோபத்தில் அந்த வைத்தியசாலைப் பக்கமே போகாமல் விட்டு மாதங்களை இழந்த குடும்பங்கள் உண்டு. உங்களை ஏசியதை மட்டும் தனியாக ஒரு முறைப்பாடாக எழுதிப் பணிப்பாளரிடம் கொடுக்கலாம். அதற்கு வழக்கு எதுவும் தேவையில்லை.

உங்கள் உடம்பையும் மறந்துவிடாதீர்கள். கர்ப்பத்தில் சீனி வந்தவர்கள் பிரசவத்துக்கு ஆறு கிழமைக்குப் பிறகு இரத்தச் சீனியைத் திரும்பப் பரிசோதிக்க வேண்டும். உங்களுக்கு அந்த நேரம் வந்துவிட்டது. அடுத்த பிள்ளை உண்டாகும்போது இந்தப் பிரசவத்தில் தோள் சிக்கியதை முதல் கிளினிக்கிலேயே சொல்லுங்கள். அதை வைத்து அவர்கள் பிரசவ முறையை முன்கூட்டியே யோசிப்பார்கள்.

கடைசியாக, லீவு முடிந்த பிறகு யார் செய்வது என்ற கேள்வி. மாமிதான். ஊசியைக் குறை சொல்கிறவரும், எண்ணெயோடு காத்திருக்கிறவரும் அவர் என்றால், அந்தப் பிள்ளையின் கையைப் பற்றி உங்கள் அளவுக்கே கவலைப்படுகிறவர் அவர். இந்தக் கிழமைக் கிளினிக்குக்கு அவரையும் கூட்டிப் போங்கள். வைத்தியர் சொல்வதை அவர் காதாலேயே கேட்கட்டும், பயிற்சியை அவர் கையாலேயே செய்து பார்க்கட்டும். பிள்ளைகளைக் குளிப்பாட்டி வளர்த்த கைகள் இதை விரைவில் பழகிவிடும். இன்றைக்கு இரவே ஒரு சின்ன விஷயத்திலிருந்து தொடங்கலாம்: சட்டை போடும்போது முதலில் இடது கையை நுழைக்க வேண்டும், கழற்றும்போது இடது கையைக் கடைசியாக எடுக்க வேண்டும். முன்பக்கம் திறக்கிற சட்டைகளாக நாலைந்து எடுத்து மேலே வைத்துவிட்டு, மாமியையே போட்டுவிடச் சொல்லுங்கள்.